முதலில் பரிசோதிக்கப்பட்டவர் மீதே ஏன் முதல் பழி?

கேள்வி: என் அக்கா ஐந்து மாதக் கர்ப்பிணி. கர்ப்ப கால ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி பாசிட்டிவ் என்று வந்தது. மறுபடி எடுத்துப் பார்த்தும் அதே முடிவுதான். அக்கா அப்படிப்பட்டவள் இல்லை டாக்டர். கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவள். அத்தானோ பரிசோதனைக்கு வர மாட்டேன் என்கிறார். "நான் நன்றாகத்தானே இருக்கிறேன், எனக்கு எதற்கு?" என்கிறார். அவருடைய வீட்டில் எல்லோரும் அக்காதான் நோயைக் கொண்டுவந்தாள் என்று பேசுகிறார்கள். அக்கா படித்தவள், வேலைக்குப் போகிறவள். அவளுக்கே இது எப்படி நடந்தது? குழந்தைக்கும் வந்துவிடுமா? சில மாதங்களில் எனக்கும் திருமணம். நான் எப்படி என்னைப் பாதுகாத்துக்கொள்வது? நான் மணக்கப்போகிறவரிடம் அக்காவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை அப்புறம் நிதானமாகப் பேசலாம்.

குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்க முடியும். சிகிச்சையே எடுக்காவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் எல்லாம் சேர்த்து 15 முதல் 45 சதவீதம் வரை குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு உண்டு. அம்மா ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். பிரசவத்துக்குள் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், பிரசவத்தின்போது தொற்றுவது 1 சதவீதம்கூட இருக்காது. 1994ல் ஜிடோவுடின் என்ற ஒரே ஒரு மருந்தை வைத்து நடந்த ஆய்விலேயே தொற்று விகிதம் 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாக இறங்கியது. இன்று கையில் இருக்கும் கூட்டு மருந்துகள் அதைவிடப் பல மடங்கு வலுவானவை. ஐந்தாம் மாதம் என்பது தாமதம் இல்லை. ஆனால் இன்னும் தள்ளிப்போட்டால் தாமதமாகிவிடும். அக்கா இன்னும் மருந்து தொடங்கவில்லை என்றால் இந்த வாரமே தொடங்க வேண்டும். அத்தான் பரிசோதனைக்கு வரட்டும் என்று அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், பலரும் சொல்லாமல் விடுவது. இப்போது பெரும்பாலும் தரப்படும் மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கும். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் எச்.ஐ.வி மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்பாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். அக்காவிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

குழந்தை பிறந்ததும் அதற்குச் சில வாரங்களுக்குத் தடுப்பு மருந்து தருவார்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் வைரஸையே நேரடியாகத் தேடும் பரிசோதனை நடக்கும். நடுவில் யாராவது சாதாரண எதிரணுப் பரிசோதனை (வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்களைத் தேடுவது) எடுத்து "பாசிட்டிவ்" என்று சொன்னால் பதறிப்போகாதீர்கள். அம்மாவின் எதிரணுக்கள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயது வரைகூட இருக்கலாம். அதை வைத்துக் குழந்தைக்குத் தொற்று என்று முடிவு கட்ட முடியாது. தாய்ப்பால் கொடுப்பதா வேண்டாமா என்பதை அக்காவின் மருத்துவரோடு பிரசவத்துக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, இனி பழியைப் பற்றிப் பேசுவோம்.

அக்காவுக்குத்தான் முதலில் தெரியவந்தது. காரணம், அவர் கர்ப்பமாக இருந்தார். கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி பரிசோதனை செய்வது பெரும்பாலான இடங்களில் வழக்கம். அப்பாவாகப் போகிறவருக்கு அப்படி ஒரு கட்டாயம் வருவதே இல்லை. அதனால் ஒரு தம்பதியில் தொற்று இருந்தால் அது பெண்ணின் பெயரில்தான் முதலில் எழுதப்படுகிறது. வீட்டில் இருப்பவர்கள் "யாருக்கு முதலில் தெரிந்தது" என்பதை "யாருக்கு முதலில் வந்தது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஒரு குழப்பத்தால் வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட பெண்களை என் வேலையில் நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டு பேருக்குமே தொற்று இருந்தாலும், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சாதாரண ரத்தப் பரிசோதனையால் சொல்ல முடியாது. எச்.ஐ.வி அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவான சிடி4 எண்ணிக்கை யாருக்குக் குறைவோ அவர்தான் பழைய நோயாளி என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அதுவும் தப்பு. அந்த எண் ஒவ்வொருவர் உடம்பிலும் ஒவ்வொரு வேகத்தில் இறங்கும்.

"நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அத்தான் சொல்வதற்கும் எந்த அர்த்தமும் இல்லை. எச்.ஐ.வி பல ஆண்டுகள் ஓர் அறிகுறியும் காட்டாமல் உடலில் இருக்கும். அக்காவும் நன்றாகத்தான் இருந்தார், அந்த முடிவு கைக்கு வரும் வரை.

உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "அக்கா அப்படிப்பட்டவள் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இருக்கும் வேதனை புரிகிறது. ஆனால் அக்காவுக்காக வாதாட இந்த வாக்கியத்தைக் கையில் எடுக்காதீர்கள். அவருக்கு வேறு உறவு இருந்திருந்தால் என்ன? சிகிச்சை பெறும் உரிமையும் மரியாதையும் அப்போது குறைந்துவிடுமா? பாலியல் தொழில் செய்யும் பெண்ணுக்கும் அதே மருந்துதான், அதே உரிமைதான். ஒழுக்கத்தை நிரூபித்தால்தான் இரக்கம் கிடைக்கும் என்ற ஏற்பாட்டை நாமே ஒப்புக்கொண்டால், நிரூபிக்க வழியில்லாத ஒவ்வொரு பெண்ணையும் கைவிடுகிறோம். அக்காவையும் சேர்த்துத்தான். கடந்த காலத்தை யாரால் நிரூபிக்க முடியும்?

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். "நல்ல பெண்" இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாம் வைத்திருக்கும் எதிர்பார்ப்புகளே இந்த வைரஸுக்கு வழிவிடுகின்றன. நல்ல பெண் உடலுறவைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. கணவனிடம் பழைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்கக் கூடாது. ஆணுறை என்று வாய் திறக்கக் கூடாது, திறந்தால் "என்னைச் சந்தேகப்படுகிறாயா" என்று வரும், அல்லது "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்" என்று வரும். பிறப்புறுப்பில் புண்ணோ துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதலோ இருந்தால் சகித்துக்கொள்ள வேண்டும், மருத்துவரிடம் காட்டுவது வெட்கம். மனமில்லாத நாளிலும் மறுக்கக் கூடாது. இவை ஒவ்வொன்றையும் ஒரு மருத்துவராக நான் படித்தால், தொற்றுக்கான ஆபத்துக் காரணிகளின் பட்டியலாகத்தான் தெரிகிறது.

உடற்கூறும் பெண்ணுக்குச் சாதகமாக இல்லை என்பது உண்மைதான். ஆணுறை இல்லாத உடலுறவில் ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு, பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிறப்புறுப்பின் உட்பரப்பு பெரியது. விந்து அங்கே நெடுநேரம் தங்குகிறது. இளம் வயதில் கருப்பை வாயின் திசு இன்னும் முதிராமல் மென்மையாக இருக்கும். பெண்களுக்கு வரும் பால்வினை நோய்கள் பல வெளியே தெரியாமலே இருந்து, வைரஸ் நுழைய வசதி செய்து கொடுக்கும். கட்டாயப்படுத்தப்பட்ட உறவில் திசு கிழிவதால் ஆபத்து இன்னும் கூடும். ஆனால் உடற்கூறு உலகம் முழுக்க ஒன்றுதான், தொற்றோ ஒன்றுபோல இல்லை. 2023ல் உலகில் புதிதாகத் தொற்றியவர்களில் 44 சதவீதம் பெண்களும் சிறுமிகளும். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளை மட்டும் எடுத்தால் அது 62 சதவீதம். இடத்துக்கு இடம் மாறுவது பெண்ணின் உடம்பு இல்லையே. சுற்றி இருக்கும் வாழ்க்கைதான் மாறுகிறது.

தென்னாப்பிரிக்காவின் குவாஸுலு-நடாலில் வைரஸின் மரபணுவை வைத்து, தொற்று யார் யாருக்கிடையே பரவியது என்று தேடிப் பார்த்தார்கள். 2017ல் வெளியான அந்த ஆய்வில், 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்குத் தொடர்புடையவர்களாகத் தெரிந்த ஆண்கள் அவர்களைவிடச் சராசரியாக ஏறக்குறைய 9 வயது மூத்தவர்கள். அந்த ஆண்களுக்கோ தங்கள் வயதையொத்த பெண்களோடும் தொடர்பு இருந்தது. வயது வித்தியாசம் மட்டுமா அது? பணம், அனுபவம், பேச்சை முடித்துவைக்கும் அதிகாரம் எல்லாம் ஒரு பக்கம் குவிந்துகிடக்கும் உறவு. அந்த உறவுக்குள் பதினெட்டு வயதுப் பெண் "ஆணுறை போட்டுக்கொள்" என்று எந்தக் குரலில் சொல்வாள்?

திருமணம் செய்துகொண்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் எப்போதோ உடைந்துவிட்டது. புனேவில் பால்வினை நோய்ச் சிகிச்சை மையங்களுக்கு வந்த பெண்களை வைத்து நடந்து 1997ல் வெளியான ஆய்வில், பாலியல் தொழில் செய்யாத 391 பெண்களில் 13.6 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி இருந்தது. அவர்கள் ஏற்கெனவே பால்வினை நோய்த் தொந்தரவோடு வந்தவர்கள் என்பதால் இந்த எண்ணைப் பொதுவான பெண்களுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கணவரோடு மட்டுமே வாழ்ந்த மனைவிகள். "ஒருவரோடு மட்டும் வாழுங்கள், உங்களுக்கு ஒன்றும் வராது" என்ற அறிவுரையை அவர்கள் ஏற்கெனவே கடைப்பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த அறிவுரையில் பாதுகாப்பு இன்னொருவர் கையில் இருக்கிறது. உங்கள் அக்கா கதையும் பெரும்பாலும் இதுதான்.

"படித்தவள், சம்பாதிக்கிறவள், அவளுக்கே எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு காப்பாற்றும் என்பதில் சந்தேகமே இல்லை. போட்ஸ்வானாவில் 1996ல் பள்ளிக் கல்வி முறையை மாற்றியதால் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் கூடுதலாகப் படித்தார்கள். பிற்காலத்தில் கணக்கெடுத்தபோது, அந்தக் கூடுதல் ஓர் ஆண்டுப் படிப்பு எச்.ஐ.வி தொற்றும் அபாயத்தை ஏறக்குறைய 8 சதவீதப் புள்ளிகள் குறைத்திருந்தது, பெண்களிடம் இன்னும் அதிகம். படிக்கும் பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது. பண உதவிக்காக மூத்த ஆணைச் சார்ந்திருக்கும் நிலையும் குறைகிறது. ஆனால் இவையெல்லாம் பெரிய கூட்டத்தில் தெரியும் பலன்கள். ஒரு வீட்டின் மூடிய கதவுக்குப் பின்னால், சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் மறுக்கும் உரிமை இல்லாமல் இருக்கலாம். சம்பளத்தை யார் வாங்கி வைத்துக்கொள்கிறார், அக்கா மருத்துவமனைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பட்டத்தைவிட அந்தப் பதில்கள்தான் எனக்கு நிறையச் சொல்லும்.

அடி உதை நடக்கும் வீடுகளில் நிலைமை மோசம். துணைவரின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களுக்கு எச்.ஐ.வி வரும் வாய்ப்பு சில பகுதிகளில் ஒன்றரை மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013ல் சொன்னது. கையை ஓங்குபவரிடம் ஆணுறை பற்றிப் பேச முடியாது என்பது ஒரு காரணம். வன்முறை செய்யும் ஆண்கள் வெளியிலும் ஆபத்தான உறவுகள் வைத்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பது இன்னொன்று. இது மாறவே மாறாது என்று நினைக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணக் கிராமங்களில் பெண்களுக்குச் சிறு கடனும், கூடவே ஆண்-பெண் சமத்துவம், எச்.ஐ.வி பற்றிய பயிற்சியும் கொடுத்தார்கள். 2006ல் வந்த முடிவின்படி, இரண்டே ஆண்டுகளில் துணைவர்களால் வரும் வன்முறை 55 சதவீதம் குறைந்தது. புதுத் தொற்றுகள் அந்தக் காலத்துக்குள் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அடி குறைந்ததே எனக்குப் பெரிய விஷயம்.

மருத்துவமும் இதில் குற்றமற்றதில்லை. எய்ட்ஸ் முதன்முதலில் 1981ல் அமெரிக்காவில் ஆண்களிடம் கண்டறியப்பட்டது. எந்தெந்த நோய் வந்தால் எய்ட்ஸ் என்று கொள்ளலாம் என்ற வரையறையும் பெரும்பாலும் ஆண்களைப் பார்த்தே எழுதப்பட்டது. எச்.ஐ.வி உள்ள பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்றுநோய் அந்தப் பட்டியலில் 1993ல்தான் சேர்ந்தது. அதுவரை அமெரிக்காவில் எத்தனையோ பெண்கள் எய்ட்ஸ் நோயாளி என்ற கணக்கிலேயே வராமல், அதற்கான உதவித்தொகையும் கிடைக்காமல் இறந்துபோனார்கள். பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அது மாறியது. இதை எழுதும்போதே அக்காவுக்கு ஒன்று: எச்.ஐ.வி உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஆறு மடங்கு. பிரசவத்துக்குப் பிறகு அதற்கான பரிசோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளச் சொல்லுங்கள், பிறகும் விடாமல் செய்ய வேண்டும்.

இனி உங்களைப் பற்றி.

திருமணத்துக்கு முன் இருவரும் சேர்ந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தனித்தனியாகச் செய்து முடிவை வாயால் சொல்லிக்கொள்வதைவிட, ஒன்றாகப் போய் ஒன்றாக முடிவை வாங்குவது நல்லது. அவரிடம் பேச்சை எடுப்பது சங்கடமாக இருந்தால், "நாம் இரண்டு பேரும் எடுத்துக்கொள்வோம், எச்.ஐ.வி, மஞ்சள் காமாலை பி, பால்வினை நோய்கள் எல்லாவற்றுக்கும்" என்று உங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொற்றி சில வாரங்கள் வரை பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அதனால் ஆபத்தான தொடர்பு ஏதாவது இருந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். இந்தப் பரிசோதனை இன்றைய நிலையை மட்டும்தான் சொல்லும். பத்து ஆண்டு கழித்து என்ன என்பதற்கு அது உத்தரவாதம் தராது. அதனால் பரிசோதனையைவிட, அந்தப் பேச்சை நடத்த முடிகிறதா என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். கேட்டதும் அவர் கோபப்பட்டால், கிண்டல் செய்தால், உங்கள் நடத்தையைச் சந்தேகித்தால், அது நீங்கள் திருமணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

அவர் சம்மதிக்காவிட்டாலும் பெண் தானே பயன்படுத்தக்கூடிய வழிகள் இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. ஆணுறையைப் போடுவதும் விடுவதும் ஆண் கையில் இருக்கிறதே. பெண் அணியும் உறை ஒன்று உண்டு, ஆனால் அதையும் துணைவருக்குத் தெரியாமல் பயன்படுத்துவது கடினம். தொற்று வராமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை வந்தபோது எல்லோரும் நம்பிக்கையோடு இருந்தோம். ஆனால் ஆப்பிரிக்காவில் 5,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த வாய்ஸ் என்ற ஆய்வு தோற்றது. ரத்தத்தைச் சோதித்தபோது காரணம் தெரிந்தது: மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ரத்த மாதிரிகளில்தான் மருந்தே இருந்தது. பெண்கள் மாத்திரையை வாங்கினார்கள், விழுங்கவில்லை. வீட்டில் அந்த டப்பாவைப் பார்த்தால் ஏற்கெனவே எச்.ஐ.வி வந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களில் பலருக்கு.

அந்தப் பயத்தை எனக்கும் நன்றாகத் தெரியும். சிகிச்சையில் இருக்கும் பெண்கள் மாத்திரையை வாங்கிய கையோடு டப்பாவின் மேல் இருக்கும் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். பையில் குலுங்கினால் சத்தம் கேட்குமே என்று டப்பாவுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு போவார்கள். விருந்தாளிகள் வந்து தங்கும் நாட்களில் மருந்தை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மருந்தின் அருமை தெரியாமல் இல்லை. மாத்திரை யார் கண்ணிலாவது பட்டால் வீடு போய்விடும் என்ற கணக்கு. அக்காவுக்கும் இந்த நிலை வரலாம். மருந்தை எங்கே வைப்பது, எந்த நேரம் எடுப்பது என்று அவரோடு உட்கார்ந்து யோசியுங்கள். முடிந்தால் ஒரு பகுதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தோல்விகளிலிருந்துதான் மறைவாகப் பயன்படுத்தக்கூடிய வழிகள் பிறந்தன. பெண் தானே பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை மாற்றும் டபிவிரின் வளையத்தை உலக சுகாதார நிறுவனம் 2021ல் பரிந்துரைத்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் கபோட்டெக்ரவிர் ஊசியை 2022ல் பரிந்துரைத்தது. அதற்கப்புறம் லெனகபவிர், ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்து 2024ல் வெளியான ஆய்வில் இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. 2025ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. அலமாரியில் டப்பா இல்லை, யாரும் பார்க்கப்போவதில்லை. இது எல்லாப் பெண்களுக்கும் எட்டும் விலையில் எட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை மட்டுமல்ல, அதற்காக அரசாங்கங்களை நாம் நெருக்க வேண்டும். ஒருவேளை எதிர்பாராமல் ஆபத்தான தொடர்போ வன்கொடுமையோ நடந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் அவசரத் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இது உங்களுக்கும் உங்கள் தோழிகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

அத்தானைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் அவர் பரிசோதனைக்கு இன்னும் வரமாட்டார். அவருக்கு எப்படி வந்திருக்கும் என்பது நமக்குத் தெரியாது. அவருக்குத் தொற்று இல்லாமலும் இருக்கலாம், அப்படியானால் அவரைக் காப்பாற்றவும் பரிசோதனை வேண்டும். "ஆம்பளைக்கு எதற்கு ஆஸ்பத்திரி" என்று வளர்க்கப்பட்டதன் விலையை ஆண்களும் கொடுக்கிறார்கள். 2023 கணக்குப்படி உலகில் எச்.ஐ.வி உள்ள பெண்களில் 83 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். ஆண்களில் 72 சதவீதம்தான். தாமதமாக வந்து, நோய் முற்றிய பிறகு படுக்கையில் சேர்க்கப்படும் ஆண்களை நாங்கள் வாராவாரம் பார்க்கிறோம்.

அவரிடம் பேசுவதற்கு முன் அக்காவைத் தனியாகக் கேளுங்கள்: அவர் கை நீட்டுவாரா? வீட்டைவிட்டு வெளியே போ என்று சொல்லக்கூடியவரா? ஆம் என்றால், அக்காவோ நீங்களோ அவரிடம் நேராகப் பேச வேண்டாம். சிகிச்சை மையத்தில் இருக்கும் கவுன்சிலரிடம் இந்த நிலைமையைச் சொல்லுங்கள். எப்போது, யார் மூலம் பேசுவது என்று அவர்கள் யோசித்துச் செய்வார்கள், இல்லை இப்போதைக்கு வேண்டாம் என்றும் சொல்வார்கள். அவசரத்தில் அக்காவுக்குப் போக ஓர் இடம், கையில் கொஞ்சம் பணம், மருத்துவச் சீட்டுகளின் நகல், அடையாள ஆவணங்கள் உங்களிடம் இருக்கட்டும். பயமில்லை என்றால், இருவரும் ஒன்றாகக் கவுன்சிலரைப் பார்க்கும்படி சொல்லலாம். "குழந்தைக்காக அப்பாவின் ரத்தமும் தேவை" என்று மருத்துவர் சொல்லும்போது வருகிற ஆண்கள் உண்டு. வீட்டிலேயே தானாகச் செய்துகொள்ளும் பரிசோதனைக் கிட் கிடைத்தால், அதற்குச் சம்மதிப்பவர்களும் உண்டு. அதில் பாசிட்டிவ் வந்தால் மையத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

இருவருக்கும் தொற்று என்றே தெரிந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. மருந்து எடுத்து வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. 2016ல் வெளியான பார்ட்னர் ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 888 தம்பதிகள் ஆணுறை இல்லாமல் ஏறக்குறைய 58,000 முறை உறவு கொண்ட பிறகும், சிகிச்சையில் இருந்த துணைவரிடமிருந்து மற்றவருக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. அக்காவோடு ஒரே வீட்டில் இருப்பது, ஒரே தட்டில் சாப்பிடுவது, குழந்தையை அவர் தூக்கிக் கொஞ்சுவது எதிலும் ஆபத்து இல்லை. அத்தான் வீட்டில் யாராவது அவருக்குத் தனித் தட்டு வைத்தால், நீங்கள் போய் அதே தட்டில் அவரோடு சாப்பிடுங்கள்.

கடைசிக் கேள்வி, நீங்கள் மணக்கப்போகிறவரிடம் சொல்வதா? வேண்டாம். அது அக்காவின் உடல்நிலை, சொல்வதா வேண்டாமா என்பதை அக்காதான் முடிவு செய்ய வேண்டும். அக்காவுக்குத் தொற்று இருப்பதால் உங்களுக்கோ உங்கள் திருமண வாழ்க்கைக்கோ எந்த மருத்துவ ஆபத்தும் இல்லை. அதனால் நீங்கள் எதையும் மறைத்ததாக ஆகாது. அவரைப் பரிசோதனைக்கு அழைப்பதற்கும் அக்காவைக் காரணமாகச் சொல்லாதீர்கள். பின்னாளில் அக்காவே சம்மதித்தால் அப்போது யோசித்துக்கொள்ளலாம். இப்போதைக்கு அக்காவின் அடுத்த வருகைக்கு நீங்களும் கூடப் போங்கள். மருந்து தொடங்கியபின் வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) பரிசோதனை எப்போது, பிரசவத்துக்கு முன் இன்னொன்று எடுப்பார்களா என்று அக்காவின் சார்பில் கேட்டு, தேதிகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.